ஒரே கார், நாட்டுக்கு நாடு ஏன் வேற மாதிரி?

2001-ல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். கார் பிரியர்கள் இபி3 என்று சொல்லும் தலைமுறை. இங்கிலாந்தின் ஸ்விண்டன் தொழிற்சாலையில்தான் எல்லாமே தயாரானது. ஐரோப்பாவில் விற்றது 200 பிஎஸ் (குதிரைத்திறனின் ஒரு கணக்கு, பின்னால் விளக்குகிறேன்). அதே தொழிற்சாலையிலிருந்து கப்பலேறி ஜப்பானுக்குப் போனது 215 பிஎஸ், கூடவே முன் சக்கரங்களுக்கு, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் உண்டு. அதே பாடி அமெரிக்காவுக்கும் போனது, ஆனால் டைப் ஆர் என்ற பெயரே இல்லாமல், சிவிக் எஸ்ஐ என்று 160 ஹெச்பியோடு.

இதைப் பார்த்துவிட்டு, ஐரோப்பாக்காரர்களை ஹோண்டா ஏமாற்றிவிட்டது என்று இன்றைக்கும் பொங்குகிறவர்கள் உண்டு. ஓரளவு நியாயமான கோபம்தான், அந்த டிஃபரன்ஷியலையாவது கொடுத்திருக்கலாம். ஆனால் கூடுதல் 15 பிஎஸ் முழுக்க கஞ்சத்தனத்தால் மறைத்து வைக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. ஜப்பானில் ஹை ஆக்டேன் என்று விற்கும் பெட்ரோல் 100 ரான் (ஆக்டேனை அளக்கும் ஒரு கணக்கு) அளவில் இருக்கும். ஐரோப்பாவில் பெரும்பாலானோர் போடுவது 95 ரான். ஆக்டேன் கூடினால், பெட்ரோல் நேரம் தவறி வெடித்து இன்ஜின் தட்டாமல், கம்ப்ரஷனை (பெட்ரோல் கலவையை அமுக்கும் அளவை) ஏற்றலாம், தீப்பொறியைக் கொஞ்சம் முன்னாலேயே கொடுக்கலாம். ஜப்பான் இன்ஜினில் கம்ப்ரஷன் விகிதம் 11.5, ஐரோப்பிய இன்ஜினில் 11.0. அதில் கொஞ்சம், கேம்ஷாஃப்ட்டிலும் காற்று உள்ளே போகும் பாதையிலும் செய்த மாற்றத்தில் கொஞ்சம், இப்படித்தான் 215 வந்தது.

வேறு நாட்டு கார்களை ஒப்பிட ஆரம்பிக்கிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான். ஒரு கார் எப்படி இருக்கிறது என்பதை இன்ஜினியர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த நாட்டு வரிச் சட்டம், பங்கில் கிடைக்கும் பெட்ரோல், ஓட்டுநர் உரிமத்துக்கான வயது, பந்தய விதி, சில சமயம் சம்பந்தமே இல்லாத ஒரு கோழி வியாபாரத் தகராறு கூட (நிஜமாகத்தான், பின்னால் வருகிறேன்) அந்தக் காரின் நீளத்தையும் சிசியையும் சீட் எண்ணிக்கையையும் முடிவு செய்துவிடும். அந்தப் பின்னணி தெரியாமல் இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று சண்டை போடுவது வெட்டி வேலை.

முதலில் எண்கள்

பின்னணிக்குப் போகும் முன், எண்களே ஒரே பாஷை பேசுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் பேசாது.

பிஎஸ் என்பது ஜெர்மனி, ஜப்பான் பக்கத்துக் கணக்கு. ஹெச்பி என்பது பிரிட்டன், அமெரிக்கா பக்கத்துக் கணக்கு. 1 பிஎஸ் என்றால் 735.5 வாட், 1 ஹெச்பி என்றால் 745.7 வாட். வித்தியாசம் ஒன்றரை சதவீதத்துக்கும் கீழேதான், சின்ன காரில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் புகாட்டி வேரான் 1,001 பிஎஸ் என்று மார்தட்டியபோது, ஹெச்பி கணக்கில் அது 987தான். மெக்லாரன் 720எஸ் என்ற பெயரில் இருக்கும் 720 என்பதும் பிஎஸ்தான், ஹெச்பியில் 710. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் கிலோவாட்டில் பேசும். 300 கிலோவாட் என்றால் சுமார் 408 பிஎஸ். முதல் தடவை பார்க்கிறவர்கள் ஆஸ்திரேலிய வி8-க்கு வெறும் 300 தானா என்று ஏமாந்து போவார்கள்.

பழைய அமெரிக்க கார் என்றால் இன்னொரு பொறி இருக்கிறது. 1971 வரை அங்கே கிராஸ் கணக்கு. இன்ஜினைத் தனியாகக் கழற்றி, ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், காரின் சொந்த எக்ஸாஸ்ட் இதெல்லாம் இல்லாமல் அளந்த எண். 1972 முதல் நெட் கணக்கு, அதாவது காரில் இருக்கும் நிலையில். 1971 கார்வெட்டின் சாதாரண 350 கன அங்குல இன்ஜின் 270 ஹெச்பி, 1972-ல் அதே இன்ஜின் 200 ஹெச்பி. எழுபது குதிரைகள் ஓடிப்போகவில்லை, எண்ணும் முறை மாறியதுதான் பெரும்பங்கு. அறுபதுகளின் அமெரிக்க கார் 400 ஹெச்பி என்று எங்கேயாவது படித்தால் மனதுக்குள் நன்றாகக் கழித்துக்கொள்ளுங்கள்.

வேகத்துக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் 0-60 மைல், அதாவது மணிக்கு 96.6 கிமீ. மற்ற பல நாடுகளில் 0-100 கிமீ. அந்த மூன்றரை கிமீக்குள் ஒரு கியர் மாற்ற வேண்டி வந்தால் அரை நொடி கூடப் போகும். அது போதாதென்று, அமெரிக்கப் பத்திரிகைகள் டிராக் ரேஸ் எனப்படும் நேர்கோட்டுப் பந்தய வழக்கப்படி முதல் ஓர் அடி தூரத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கார் ஓர் அடி நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். இதில் மட்டும் 0.2, 0.3 நொடி மிச்சம். டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டின் பிரபலமான 1.99 நொடியும் அப்படி ஓர் அடியைக் கழித்துவிட்டுச் சொன்னதுதான்.

எடையும் அப்படியே. ஐரோப்பிய சட்டப்படி ஓடும் நிலையில் எடை என்றால் 75 கிலோ ஓட்டுநரும் 90 சதவீதம் எரிபொருளும் சேர்த்தி. ஜெர்மானிய தர அமைப்பான டிஐஎன் கணக்கில் ஓட்டுநர் கிடையாது. சில ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிகள் இன்னும் ஒரு படி போய் ஆயில், தண்ணீர், பெட்ரோல் எதுவுமே இல்லாத உலர் எடையைச் சொல்லும், அந்த நிலையில் காரைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும். மைலேஜில் அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்காவில் 30 மைல் கொடுக்கும் கார் பிரிட்டனில் எதையும் மாற்றாமலேயே 36 மைல் கொடுத்துவிடும். எலக்ட்ரிக் கார் ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை அளப்பதில், சீனாவின் சிஎல்டிசி சோதனை தாராளமானது, ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி நடுவில், அமெரிக்க இபிஏ கறாரானது. ஒரே பேட்டரிக்கு மூன்று ரேஞ்ச்.

ஆக்டேனிலும் இதே குழப்பம் உண்டு என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க பங்கில் 91 என்று எழுதியிருப்பது ரான், மோன் என்ற இரண்டு அளவுகளின் சராசரி. ஐரோப்பிய ரான் கணக்கில் அது 95, 96 அருகே வரும். 91-ஐப் பார்த்து அங்கே மட்டமான பெட்ரோல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

வரிதான் தலைமை வடிவமைப்பாளர்

இனி சுவாரசியமான பகுதி. இத்தாலியில் ரொம்ப காலம் 2,000 சிசிக்கு மேல் இன்ஜின் இருந்தால் 38 சதவீதம் மதிப்புக்கூட்டு வரி, கீழே இருந்தால் ஏறக்குறைய அதில் பாதி. அப்படியென்றால் ஃபெராரி வாங்க ஆசைப்படும் இத்தாலியர் என்ன செய்வார்? ஃபெராரியே 1,991 சிசி இன்ஜின் செய்து கொடுத்தது. 1980-ல் வந்த 208 ஜிடிபி, எட்டு சிலிண்டர், ஆனால் 155 பிஎஸ் மட்டும். பார்ப்பதற்கு 308 மாதிரியே இருக்கும், ஓட்டினால் பாவமாக இருக்கும். அதைச் சரிசெய்ய 1982-ல் டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) மாட்டினார்கள், 220 பிஎஸ் வந்தது. 1980-ல் வந்த 2.9 லிட்டர் 308 ஜிடிபிஐயின் 214-ஐ விட அதிகம்! வரிக்குப் பயந்து செய்த குட்டி இன்ஜின், டர்போ இல்லாத அண்ணனைத் தாண்டிப் போனது. லம்போர்கினியின் உராக்கோ பி200, மசெராட்டியின் மெராக் 2000, 1981-ல் வந்த 2 லிட்டர் பைடர்போ எல்லாமே இதே வேலியைத் தாண்டாமல் இருக்க வந்தவைதான்.

பிஎம்டபிள்யூ இதில் செய்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். எண்பதுகளின் இ30 தலைமுறை 3 சீரிஸின் பந்தய வடிவமான எம்3-யில் 2.3 லிட்டர் இன்ஜின், இத்தாலியிலும் போர்ச்சுகலிலும் வரி கொல்லும். அதனால் அதே பந்தய இன்ஜினை 1,990 சிசியாகக் குறைத்து, எம்3-யின் அகன்ற தோள்கள் எதுவும் இல்லாத சாதாரண 3 சீரிஸ் பாடியில் வைத்து 320ஐஎஸ் என்று விற்றார்கள். 192 பிஎஸ். வெளியிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டு கார். மற்ற நாட்டுக்காரர்கள் இப்போது தேடித் தேடி வாங்குகிறார்கள், இத்தாலிய வரி அதிகாரிக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

துருக்கியில் எல்லைக்கோடு 1,600 சிசி. அதனால் 5 சீரிஸ் மாதிரியான பெரிய செடானே அங்கே 1.6 லிட்டர் டர்போ இன்ஜினோடு, 170 பிஎஸ்ஸில், 520ஐ என்ற பெயரில் விற்றது. மற்ற நாடுகளில் அந்தப் பெயருக்கு 2 லிட்டர். ரஷ்யாவில் சிசியை விட்டுவிட்டு நேராகக் குதிரைத்திறனுக்கே வரி. 250-க்கு மேல் போனால் வருடாந்திர வரி எகிறும். எனவே டொயோட்டா கேம்ரியின் 3.5 லிட்டர் வி6 அமெரிக்காவில் 301 ஹெச்பியோடு விற்றது, ரஷ்யாவில் சரியாக 249. ரஷ்ய விலைப்பட்டியலில் 249 என்ற எண் அடிக்கடி கண்ணில் பட்டால் அது தற்செயல் இல்லை, கம்ப்யூட்டரில் பூட்டுப் போட்டு இறக்கியது.

பிரேசிலில் 1990-ல் 1,000 சிசி கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். ஃபியட் ஊனோ மில்லே 994 சிசியோடு உடனே வந்து நின்றது, அப்புறம் எல்லோரும் பின்னால் வந்தார்கள். அதன் உச்சம் 2000-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல் 1.0 டர்போ: ஒரு லிட்டரில் 112 குதிரைகள். இன்றைக்கு ஒரு லிட்டர் டர்போ சாதாரணம், அன்றைக்கு அது கொஞ்சம் பைத்தியக்காரத்தனம். இன்னொரு விஷயம், பிரேசில் காரின் விவரத்தாளில் பவருக்கு இரண்டு எண் இருந்தால் குழம்ப வேண்டாம். ஒன்று பெட்ரோலுக்கு, ஒன்று எத்தனாலுக்கு; எத்தனால் எண்தான் வழக்கமாகப் பெரியது, ஏனென்றால் அதன் ஆக்டேன் அதிகம். 2003 முதல் அங்கே இரண்டையும் எந்த விகிதத்திலும் குடிக்கும் கார்கள்தான் வழக்கம்.

இந்தியாவின் எல்லைக்கோடு நீளத்தில் இருக்கிறது. 2006 பட்ஜெட் முதல் 4 மீட்டருக்குள், பெட்ரோல் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள் இருந்தால் சின்ன கார், வரி குறைவு. அதன் விளைவைத் தெருவிலேயே பார்க்கலாம்: பின்பக்கத்தை வாளால் வெட்டின மாதிரி டிக்கி முடிந்துபோகும் செடான்கள். 2012-ல் மாருதி டிசையர் இந்த அளவுக்குள் புகுவதற்காகவே சுருங்கியது. அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் 3,999 மிமீ என்ற அளவை விவரத்தாளில் பார்த்தால் ஏன் என்று இனி கேட்க மாட்டீர்கள்.

ஜப்பான் தனிக் கதை

ஜப்பானில் கெய் என்ற சின்ன கார் வகை இருக்கிறது. 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், 660 சிசி. இதற்குள் இருந்தால் வரி குறைவு, காப்பீடு குறைவு, மஞ்சள் நம்பர் பிளேட். 1955 வாக்கில் 360 சிசியில் நிலைத்து, 1976-ல் 550 ஆகி, 1990-ல் 660-ஐத் தொட்டது. இதற்குள்ளேயே ஸ்போர்ட்ஸ் கார் செய்ய முடியுமா என்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூன்று கம்பெனிகள் முயற்சி செய்தன. ஹோண்டா பீட், நடுவில் இன்ஜின், டர்போ இல்லை, 8,100 ஆர்பிஎம்மில் 64 பிஎஸ். சுஸுகி காப்புச்சீனோ, முன்னால் டர்போ இன்ஜின், பின்சக்கர இழுப்பு. ஆட்டோஸாம் ஏஇசட்-1, அது இன்னும் விசித்திரம், கதவுகள் மேலே பறவை இறக்கை மாதிரி திறக்கும், உள்ளே உட்கார்ந்தால் இரண்டு பேரின் தோளும் இடிக்கும்.

மூன்றிலும் 64 பிஎஸ் என்பதைக் கவனித்தீர்களா? 1987-ல் சுஸுகி ஆல்டோ ஒர்க்ஸ் அந்த அளவைத் தொட்டதும், இதோடு நிறுத்திக்கொள்வோம் என்று கம்பெனிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வரம்பு அது. சட்டம் இல்லை. அது சட்டம் இல்லை என்பதற்கு வேடிக்கையான சாட்சி பிரிட்டிஷ்காரரிடமிருந்து வந்தது. கேட்டர்ஹாம் செவன் 170 என்ற, கூரையில்லாத, 440 கிலோ எடையுள்ள குட்டி கார் 2021-ல் வந்தது. அதில் சுஸுகியின் 660 சிசி டர்போ, அகலம் 1,470 மிமீ, ஜப்பானில் அது கெய் கார் என்றே பதிவாகிறது, மஞ்சள் பிளேட்டோடு. பவர் 84 ஹெச்பி. ஜப்பானியக் கனவான்கள் போட்ட கோட்டை ஒரு ஆங்கிலேயக் கனவான் கண்டுகொள்ளவே இல்லை.

பெரிய கார்களுக்கும் இதே மாதிரி ஒரு வாய்மொழி வரம்பு இருந்தது: 280 பிஎஸ். 1989-ல் ஆரம்பித்து 2004 வரை. அந்தப் பதினைந்து வருடத்து நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ஹோண்டா என்எஸ்எக்ஸ், லான்சர் எவோ, இம்ப்ரெஸா எல்லாவற்றின் ஜப்பான் விவரத்தாளிலும் 280-க்கு மேல் எண் வராது. கடைசியில் 300 பிஎஸ்ஸோடு வந்து கோட்டைத் தாண்டியது ஹோண்டா லெஜண்ட், பார்க்க ஒரு சாதுவான அதிகாரி கார். ஆர்34 ஜிடி-ஆர் மாதிரி சில கார்கள் அளந்து பார்த்தால் 300-ஐ எளிதாகத் தாண்டும் என்பது ஊரறிந்த ரகசியம்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. ஜப்பான் 280 என்றாலே பொய், எல்லாம் மறைத்து வைத்தது என்ற பேச்சும் அளவுக்கு மீறியது. டொயோட்டா சுப்ராவின் நான்காம் தலைமுறையைப் பாருங்கள்: ஜப்பானில் 280 பிஎஸ், அமெரிக்காவில் 320 ஹெச்பி. இது வெறும் காகித வித்தியாசம் இல்லை. ஜப்பான் காரில் டர்போவின் சுழலி செராமிக், இன்ஜெக்டர் 440 சிசி; ஏற்றுமதி காரில் சுழலி எஃகு, இன்ஜெக்டர் 550 சிசி. ஜப்பானிலிருந்து சுப்ரா இறக்குமதி செய்து பூஸ்ட்டை (டர்போவின் காற்றழுத்தத்தை) ஏற்றப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் செராமிக் துண்டு துண்டாகிப் போகும். உள்நாட்டு மாடல்தான் எப்போதும் உசத்தி என்ற நம்பிக்கை சிவிக்கில் சரி, சுப்ராவில் தப்பு. ஒவ்வொரு காராகத்தான் பார்க்க வேண்டும்.

ஜெர்மனிக்கும் இதே போன்ற ஒப்பந்தம் உண்டு, ஆனால் பவருக்கு இல்லை, வேகத்துக்கு: மணிக்கு 250 கிமீ, எண்பதுகளின் கடைசியிலிருந்து. ஜப்பானில் இதற்கு இணையான பூட்டு 180.

பந்தயத்துக்காகப் பிறந்தவை

ஒரு காரைப் பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்றால் அதே காரைக் கடையிலும் இத்தனை எண்ணிக்கை விற்றிருக்க வேண்டும் என்பதுதான் ஹோமோலகேஷன் விதி. குரூப் பி ராலிக்கு 200 கார், குரூப் ஏ-க்கு 5,000, பிற்பாடு 2,500. லான்சியா டெல்டா இன்டெக்ராலே, எவோ, இம்ப்ரெஸா எல்லாம் இப்படி வந்தவை என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அதை விட்டுவிட்டு அதிகம் பேசப்படாத தென்னாப்பிரிக்காவுக்குப் போகலாம்.

அங்கே வலதுபக்க ஸ்டியரிங். இ30 எம்3 இடதுபக்க ஸ்டியரிங்கில் மட்டும்தான் தயாரானது, ஆக எம்3 கிடையாது. அதற்காக உள்ளூர் பிஎம்டபிள்யூ கிளை சும்மா இருக்கவில்லை. 7 சீரிஸின் 3.2 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினை எடுத்து, பிஎம்டபிள்யூ கார்களை மெருகேற்றும் அல்பினா கம்பெனியின் உதவியோடு, சின்ன 3 சீரிஸின் மூக்குக்குள் திணித்தார்கள். பெயர் 333ஐ. 1985 முதல் 1987 வரை 204 கார்கள். இன்ஜின் அறையில் இடமே இல்லாததால் வாங்குகிறவர் ஏசி வேண்டுமா, பவர் ஸ்டியரிங் வேண்டுமா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்! அதற்கு முந்தைய வருடம் ஃபோர்டு, குடும்பக் காரான சியராவுக்குள் மஸ்டாங்கின் 5 லிட்டர் வி8-ஐ வைத்து சியரா எக்ஸ்ஆர்8 என்று 250 கார் விற்றது. ஐரோப்பிய சியராவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கற்பனை மாதிரி இருக்கும்.

தென்னாப்பிரிக்கப் பத்திரிகைச் சோதனைகளைப் படிக்கும்போது இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். டர்போ இல்லாத இன்ஜின் அங்கே ஆறில் ஒரு பங்கு பவரைக் காற்றிலேயே இழந்துவிடும். டர்போ கார் அவ்வளவு இழக்காது. அதனால் அங்கே சோதித்த நேரங்களை ஜெர்மனியில் சோதித்தவற்றோடு நேராக ஒப்பிடக்கூடாது.

விசித்திரங்கள்

வேகத்தை விட்டுவிட்டு வினோதத்துக்குப் போனால் ஸ்வீடனை யாரும் மிஞ்ச முடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே டிராக்டர் தட்டுப்பாடு. பழைய கார்களை வெட்டி டிராக்டராகப் பதிவு செய்துகொள்ள அரசு அனுமதித்தது. தட்டுப்பாடு தீர்ந்தது, விதி போகவில்லை. இப்படி மாற்றிய ஏ-டிராக்டரை ஓட்ட 15 வயது போதும் என்பதால், கிராமத்துப் பிள்ளைகள் பழைய வோல்வோவையும், கொஞ்சம் வசதி இருந்தால் பிஎம்டபிள்யூவையும் ஏ-டிராக்டராக மாற்றி, பின்னால் முக்கோணத் தகடு மாட்டி, மணிக்கு 30 கிமீ வேகத்தில் ஓட்டுகிறார்கள். ஒரு ஸ்டேஷன் வேகன், அதற்குள் ஊரையே அதிர வைக்கும் ஸ்பீக்கர், வேகம் 30. செயல்திறன் பற்றிப் பேசும் ஒரு கட்டுரையில் இதற்கு இடம் இருக்கக்கூடாது, ஆனாலும் இருக்கட்டும்.

பிரான்ஸில் 14 வயதிலேயே சிட்ரோன் அமி ஓட்டலாம். 2.41 மீட்டர் நீளம், இரண்டு சீட், அதிகபட்சம் மணிக்கு 45 கிமீ. சட்டத்தின் கண்ணில் அது காரே இல்லை, நான்கு சக்கர இலகு வாகனம். பிரிட்டனில் மூன்று சக்கர ரிலயண்ட் ராபின் ரொம்ப காலம் ஓடியதற்கும் காரணம் மோட்டார் சைக்கிள் உரிமத்தோடு அதை ஓட்டலாம் என்பதுதான். டென்மார்க்கில் கார் பதிவு வரி மேல்தட்டில் 150 சதவீதம் வரை போகும், சரக்கு வண்டிக்கு ரொம்பக் குறைவு, எனவே பின்சீட்டைக் கழற்றிவிட்டு வேனாகப் பதிவு செய்த சொகுசு எஸ்யூவிகளை அங்கே பார்க்கலாம்.

ஆஸ்திரேலியாவின் யூட் வேறு ரகம். 1934-ல் கீலாங் நகர ஃபோர்டு ஆலையில் லூ பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் வரைந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகவும், திங்கள்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப் போகவும் ஒரே வண்டி வேண்டும் என்று ஒரு விவசாயியின் மனைவி கடிதம் எழுதியதாக அந்தக் கதை சொல்லப்படுகிறது. முன்பாதி செடான், பின்பாதி லாரித் தட்டு. எழுபது வருடம் கழித்து அந்த வகையே, ஹோல்டன் என்ற ஆஸ்திரேலிய கம்பெனியின் வேகக் கார் பிரிவான ஹெச்எஸ்வியின் மாலூ என்ற மிருகமாக வளர்ந்தது: 6 லிட்டர் வி8, 297 கிலோவாட், 2006-ல் மணிக்கு 271.44 கிமீ ஓடி பிக்கப் வகையில் உலக சாதனை. ஃபோர்டு 2016 அக்டோபரிலும் ஹோல்டன் 2017 அக்டோபரிலும் அங்கே தயாரிப்பை மூடியதோடு அந்த வம்சம் முடிந்தது. ஆஸ்திரேலிய கார் என்றே தெரியாமல் ஆஸ்திரேலிய காரை ஓட்டியவர்களும் நிறைய: ஹோல்டன் மொனாரோதான் அமெரிக்காவில் 2004 பான்டியாக் ஜிடிஓ, பிரிட்டனில் வாக்ஸ்ஹால் மொனாரோ.

எல்லை தாண்டுவது

சரி, வேறு நாட்டு கார் பிடித்துவிட்டது, கொண்டுவர முடியுமா? இதில் எல்லோரும் பேசுவது அமெரிக்காவின் 25 வருட விதி. 1988-ல் வந்த சட்டம். அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்துக்கு என்று செய்யப்படாத காரைத் தனியாள் கொண்டுவருவதை அது ஏறக்குறைய மூடிவிட்டது. கார் தயாராகி 25 வருடம் ஆகிவிட்டால் மட்டும் அந்தத் தரத்திலிருந்து விலக்கு. மாடல் வருடம் கணக்கில்லை, கார் தயாரான மாதம்தான் கணக்கு. 1999 முதல் ஷோ ஆர் டிஸ்ப்ளே என்று சின்ன ஜன்னல் ஒன்று திறந்தது, போர்ஷே 959 மாதிரி அரிய கார்களுக்கு, வருடத்துக்கு 2,500 மைலுக்குமேல் ஓட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு. கனடாவில் இதே காத்திருப்பு 15 வருடம்தான். 1999 ஜனவரியில் வந்த ஆர்34 ஜிடி-ஆர் கனடாவுக்கு 2014-லேயே போய்விட்டது, எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்கர்கள் 2024 வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தக் கோழித் தகராறு என்னவென்றால், அறுபதுகளில் மேற்கு ஜெர்மனியும் பிரான்ஸும் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டன, பதிலுக்கு அமெரிக்கா 1964 முதல் இறக்குமதி இலகு லாரிகளுக்கு 25 சதவீத வரி போட்டது. மற்ற சில பொருட்களுக்கும் போட்டார்கள், அவை நீங்கின, லாரி வரி இன்னும் இருக்கிறது. சுபாரு பிராட் என்ற குட்டி பிக்கப்பின் திறந்த தட்டில், பின்பக்கம் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் சீட் இருந்ததற்கு இதுவே காரணம். சீட் இருந்தால் அது லாரி இல்லை, பயணிகள் கார்! துருக்கியிலிருந்து வந்த ஃபோர்டு டிரான்சிட் கனெக்ட் வேன்கள் பின்சீட்டோடு கரை இறங்கி, இறங்கியதும் சீட் கழற்றப்பட்டன. அந்த விவகாரம் 2024-ல் ஃபோர்டு 365 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டபிறகுதான் முடிந்தது.

புதிய கார்களில் நல்ல உதாரணம் டொயோட்டா ஜிஆர் யாரிஸ். 2020-ல் வந்தது, 1.6 லிட்டர், மூன்றே சிலிண்டர், நான்கு சக்கர இழுப்பு. வந்தபோது ஜப்பானில் 272 பிஎஸ். ஐரோப்பாவில் 261, எக்ஸாஸ்ட்டில் நுண்துகள் வடிகட்டி கட்டாயம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆஸ்திரேலியாவில் 200 கிலோவாட், கணக்குப் போட்டால் ஜப்பான் எண்ணேதான். அமெரிக்காவில் விற்கவே இல்லை, பதிலுக்கு அதே இன்ஜினை 300 ஹெச்பிக்கு ஏற்றி ஜிஆர் கொரோலாவில் கொடுத்தார்கள். பெரிய கார், எடை கூடுதல், ஆனால் நாலு கதவு, தினசரி ஓட்ட எனக்கென்னவோ அதுவே மேல். இல்லை, எனக்கு யாரிஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் கனடாக்காரர் 2035 வரை பொறுக்க வேண்டும், அமெரிக்கர் 2045 வரை.